எண்ணிய பின்னரே ஊட்டுக

மகன்,

வாசிக்கும்போது உனக்கு வழி தவறாமல் இருக்க, சொல்லப்போவதை முதலில் இலக்கமிட்டு வைக்கிறேன். அறிக்கை எழுதியே பழகிய கை. வேறு விதமாகத் தொடங்க எனக்குத் தெரியவில்லை.

1. போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதும் நான் பதில் சொல்லாததும்.
2. கொடுவா மீனின் குடம்பிக்கு வாய் திறக்கும் நாள்.
3. ஆறு வயதில் உனக்கு வந்த காய்ச்சல்.
4. இரண்டு தொட்டிகள் செத்த விதமும் அதைப் பற்றி நான் எழுதியதும்.
5. யூட்டை நீ வேலைக்கு எடுக்கக் கூடாது, காலம் கடந்துவிட்டது.
6. நீ சுவரில் ஒட்டப்போகும் அட்டவணை.

உறையை ஒட்டாமல் அனுப்புகிறேன். யார் வாசித்தாலும் பரவாயில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் இந்த வரியை எழுதும் நேரம்வரை எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து நீ நேரே இங்கே வந்தாய். அடுத்த கிழமை அரிப்புக் கிராமத்துக் கரையில் உன் மீன்குஞ்சு நிலையத்துக்கு முதல் கொடுவா முட்டைகள் வந்து இறங்கப்போகின்றன என்ற சந்தோசம் உன் முகத்தில் இருந்தது. இந்த வயதில் நிலையப் பொறுப்பாளன். எனக்கும் பெருமைதான், அதைக்கூட நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சோறு போட்டுக்கொண்டே நீ சொன்னாய்:

“அப்பா, யூட் அண்ணையைக் கண்டனான்.”

“எங்க?”

“அரிப்பில. கரையில இருந்து கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தவர். எங்களோட வந்து வேலை செய்யுங்கோ, உங்களைப்போல குடம்பி பாக்கத் தெரிஞ்ச ஆள் இந்தக் கரையில இல்லை எண்டன். சிரிச்சுப்போட்டு, ‘அப்பாட்டைக் கேட்டுக்கொண்டு வாங்கோ தம்பி, அவர் ஓம் எண்டால் வாறன்’ எண்டவர். ஏனப்பா அப்பிடிச் சொன்னவர்?”

நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். எடுக்க முள் இல்லாத துண்டு அது. “பாப்பம்” என்றேன். எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்து நீ சத்தமாக இன்னொரு முறை கேட்டாய். நான் இன்னொரு முறை “பாப்பம்” என்றேன். உன் மோட்டார் சைக்கிள் சத்தம் பாலத்துப் பக்கம் போய் மறையும்வரை படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையைக் கழுவவில்லை என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

உனக்கு யூட்டைத் தெரியும். இந்தத் தீவின் வடகரையில் இருந்த எங்கள் மீன் ஆய்வு நிலையத்தில் தொட்டிகளைப் பார்த்த தொழிலாளி. விடுமுறைக்கு வந்தால் நீ வீட்டில் நிற்காமல் அவன் பின்னாலேயே திரிவாய். பல்கலைக்கழகத்தில் நீ இந்தத் துறையை எடுத்ததற்கு நான் காரணம் என்று சனம் சொல்கிறது. காரணம் அவன்தான் என்பது எனக்குத் தெரியும். ஒரு முறை நீ வந்தபோது அவன் இல்லை. வேலையை விட்டுப்போட்டுப் போய்விட்டான் என்று உனக்குச் சொன்னேன். அவன் விட்டுப் போகவில்லை.

இரண்டாவதுக்கு வருகிறேன். நீ படித்ததுதான், என்னைவிடக் கூடவே படித்திருப்பாய். இருந்தாலும் இதைச் சொல்லாமல் நாலாவதைச் சொல்ல முடியாது. முட்டையிலிருந்து வரும் கொடுவாக் குடம்பி, மீன் உருவம் எடுக்காத குஞ்சு, ஒரு கண்ணிமை மயிரின் அளவு. அதற்கு வாய் இல்லை. வயிற்றோடு ஒட்டிய ஒரு துளி மஞ்சட்கருவைத் தின்று இரண்டு நாள் இருக்கும். மூன்றாம் நாள் கண் கறுக்கும், வாய் திறக்கும். அந்த நேரம் தண்ணீரில் தீன் இருக்கவேண்டும். பாசி கலந்த பச்சைத் தண்ணீரில் நாங்கள் வளர்க்கும் ரொட்டிஃபர், தூசி போன்ற சிறு உயிர், அதுதான் முதல் தீன். தீன் கிடைத்தால் கண்ணாடி போன்ற உடம்புக்குள் வயிறு வெள்ளையாகத் தெரியும். கிடைக்காவிட்டாலும் குடம்பி உடனே சாவதில்லை. இன்னும் இரண்டு மூன்று நாள் நீந்தும். பார்க்கிறவன் நன்றாக இருக்கிறது என்றே நினைப்பான். ஆனால் ஒரு நேரம் கடந்தபின் வாய்க்கு முன்னால் தீனைக் கொண்டுபோய் வைத்தாலும் அது வாய் திறக்காது. தலை கீழாகத் தொங்கும். பிறகு அடியில் போய்ப் படியும். திரும்பி வரமுடியாத நேரம் என்று நான் உனக்குக் கற்றுத்தந்தது இதைத்தான்.

எத்தனை குடம்பி இருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு தீன் போடுவது? கூடினால் தண்ணீர் கெடும், குறைந்தால் பட்டினி. ஆகவே தொட்டியின் ஐந்து இடங்களில் குழாய் இறக்கித் தண்ணீர் எடுத்து, வெள்ளைக் கோப்பையில் ஊற்றி எண்ணுவேன். மூன்று முறை. மூன்றும் ஒன்றுக்கொன்று கிட்ட வந்தால்தான் எழுதுவேன். விடியலில் மட்டும்தான் எண்ணலாம், வெளிச்சம் ஏறினால் குடம்பிகள் ஒரு பக்கமாகத் திரண்டுவிடும். என் ஊட்டல் அட்டவணையின் முதல் வரி இப்படித்தான் வந்தது: எண்ணிய பின்னரே ஊட்டுக. நீ அதை மனப்பாடமாகச் சொல்வாய்.

நான் பயந்தவன், மகன். பயந்தவனுக்கு எண் ஒரு கைப்பிடி. எண்ணிக்கொண்டிருக்கும்வரை எதையும் தீர்மானிக்கத் தேவையில்லை.

உனக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்தது ஒரு மத்தியானம். வாகனம் பிடிப்பதே பெரும்பாடாக இருந்த காலம். நான் வெப்பமானியை உன் கக்கத்தில் வைத்து அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டிருந்தேன். ஏறுகிறதா இறங்குகிறதா என்று நிச்சயமாகத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன சொல்வது என்பது என் நியாயம். கொப்பியில் நேரம் ஒரு பக்கம், அளவு ஒரு பக்கம், நடுவில் அடிமட்டம் வைத்து இழுத்த கோடு. உனக்கு வலிப்பு வந்தபோது ஆறாவது தடவை எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு ஓடினாள். போகும்போது, “நீங்கள் எழுதி முடியுமட்டும் பிள்ளை இருக்கோணுமே!” என்றாள். மீன் லொறி ஒன்றை மறித்து அதில் உன்னைக் கொண்டுபோனாள். நான் பின்னால் சைக்கிளில் போனேன், கொப்பியையும் கொண்டு. டாக்குத்தர் அதைப் பார்த்து, “நல்லா எழுதியிருக்கிறியள்” என்றார். அம்மா சாகும்வரை அதை என்னிடம் சொல்லிக்காட்டவில்லை. அந்தக் கொப்பியை மட்டும் அடுப்பில் போட்டாள்.

நீ பிழைத்தாய். ஆகவே அதிலிருந்து நான் ஒன்றும் படிக்கவில்லை.

இனி நாலாவது. அந்தத் தொகுதி முட்டைகள் மூன்று தொட்டிகளில் பொரித்தன. எனக்கு இளைப்பாற இரண்டு வருடம் இருந்தது. அட்டவணையை முடித்துக் கொடுக்க இதுவே கடைசித் தொகுதி என்று தலைமைக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் விடிய நான் போனபோது யூட் கோப்பையும் கையுமாக நின்றான்.

“சேர், வாய் திறந்திட்டுது. கண்ணும் கறுத்துட்டுது. போடுவமே?”

“பொறு. எண்ணி முடியட்டும்.”

எண்ணினேன். முதல் தொட்டியில் மூன்று எண்ணிக்கையும் மூன்று விதம். திரும்ப எண்ணினேன். திரும்பவும் அப்படியே. சூரியன் கிளம்பிவிட்டது. யூட் ரொட்டிஃபர் வாளியை வைத்துக்கொண்டு என் பின்னால் நின்றான்.

“கலியாண வீட்டிலயே தலையை எண்ணிப்போட்டோ சேர் அடுப்பு மூட்டுறவை? பசிச்ச வாய் பாத்துக்கொண்டிருக்குது. ஒரு குத்துமதிப்பாப் போட்டுவிடுவம்.”

“குத்துமதிப்பு உன்ர கரைவலைக்குச் சரி. இது ஆராய்ச்சி.”

அவன் வாளியைக் கீழே வைத்தான். வெளிச்சம் ஏறி, குடம்பிகள் திரளத் தொடங்கின. இனி எண்ணினால் பிழை. அடுத்த நாள் விடிய எண்ணுவோம், அதுவரை ஒரு தொட்டிக்கும் தீன் போடக் கூடாது என்று சொன்னேன். ஒரு நாள் தாங்கும் என்று நினைத்தேன் என்று எழுத வந்தது. அப்படி நினைக்கவில்லை. தாங்காமல் போகலாம் என்று தெரியும். ஆனால் எண்ணாமல் ஊட்டிய தொகுதி அட்டவணையில் சேராது என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்த நாள் விடிய எண்ணி, கணக்குப் போட்டு முடித்து மூன்று தொட்டிக்கும் ஊட்டும்போது மத்தியானம். பின்னேரம் யூட் என் மேசைக்கு வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“சேர், ஏசாதேங்கோ. மூண்டாவதுக்கு நான் நேற்றே போட்டனான். நீங்கள் போன் பேசப் போன நேரம். கண் முன்னால பட்டினி கிடக்குதுகள், கை கேக்கேல்ல.”

ஏழாம் நாள் முதலாம் தொட்டியும் இரண்டாம் தொட்டியும் அடியில் படிந்தன. மூன்றாவது தொட்டி உயிரோடு இருந்தது. அத்தனைக்கும் வயிறு வெள்ளை. ஏன் இந்த வித்தியாசம் என்று அறிக்கையில் எழுதவேண்டும். மேசையில் இருந்து நான் எழுதிய வசனத்தை உனக்குச் சொல்லவேண்டும்: மூன்றாம் தொட்டி அட்டவணைப்படி ஊட்டப்பட்டது, ஏனைய இரண்டிலும் பணியாளரின் கவனக்குறைவால் முதல் ஊட்டல் தாமதமானது. உயிர் தப்பியவை: மூன்றாம் தொட்டி தவிர ஏனையவற்றில் பூச்சியம்.

ஒரு பெயரும் எழுதவில்லை. எங்களிடம் இருந்தது ஒரேயொரு பணியாளர்.

அடுத்த கிழமை அவனுக்குக் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில். அவன் அதைப் பிரித்து, வாசித்துச் சொல்லச் சொல்லி என்னிடமே கொண்டுவந்தான். சம்பளம் கூட்டினதோ என்று பகிடி விட்டான். நான் வாசித்தேன். “வேலை முடிஞ்சுதாம் யூட். இந்த மாதத்தோட.” ஏன் என்று கேட்டான். காரணம் அடுத்த வரியிலேயே இருந்தது, என்னுடைய வார்த்தைகள், மொழி மட்டும் மாறி. “அது ஒண்டும் போடேல்ல” என்றேன். கடிதத்தை மடித்து அவன் கையில் கொடுத்தேன். அதை வாசிக்கத் தெரிந்த வேறு யாரிடமும் அவன் காட்டியிருக்கமாட்டான் என்று நம்பிக்கொண்டுதான் இத்தனை வருடம் இருந்தேன். அவன் உன்னிடம் சொன்னதைக் கேட்ட ஞாயிற்றுக்கிழமையோடு அந்த நம்பிக்கையும் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். சொந்தமாக வள்ளம் இல்லாதவன் கடலட்டை குளிக்கிறவர்களோடு சேர்ந்தான். சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்தில் அட்டை பொறுக்கும் வேலை. ஒரு நாள், நின்று நின்று வராமல், கெதியாக மேலே வந்துவிட்டான். இரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டி, இடது கால் அன்றோடு மரத்துப்போனது. உன் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். நான் வாசலில் உள்ள மரத்துக்குக் கீழே நின்றேன், செருப்பு வார் அறுந்துவிட்டது என்று சொல்லி. அது அறுந்திருக்கவில்லை.

ஒவ்வொரு தவக்காலமும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் சுவாமி என்று சொன்னேன். என்ன பொய் என்று எந்தச் சுவாமியும் கேட்கவில்லை. அவர்கள் கேட்கமாட்டார்கள் என்று பார்த்துத்தான் சொன்னேன்.

ஆறாவதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அது சின்னது. என் அட்டவணையை நீ பெரிதாக அச்சடித்து உன் நிலையச் சுவரில் ஒட்டப்போவதாகச் சொன்னாய். அதில் அளவுகள் சரி. நாட்கள் சரி. முதல் வரியை வெட்டு. வாய் திறந்தால் போடு, பிறகு எண்ணு. தண்ணீர் கெட்டால் தண்ணீரை மாற்றலாம். அந்த அட்டவணைக்கு ஆதாரமாகக் காட்டிய மூன்றாம் தொட்டி, அதை மீறி ஊட்டிய தொட்டி என்பதையும் அதே சுவரில் எழுது. என் பெயரை எடுக்க விரும்பினால் எடு.

இப்போது ஐந்தாவது. இதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன். தொடங்கும்போது என்னிடம் நல்ல காரணங்கள் இருந்தன. எழுதுகிறேன், நீயே பார். ஒன்று, தொட்டியடி எப்போதும் ஈரம். ஒரு காலை இழுத்து நடப்பவன் வாளி தூக்கி வழுக்கி விழுந்தால் அந்தப் பாவமும் எங்களுக்கு. இரண்டு, இத்தனை வருடம் கழித்து அவனைக் கூப்பிடுவது உதவி அல்ல, பழைய புண்ணைத் தோண்டுவது. மூன்று, இதுதான் பெரியது. எதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரம் கடந்தபின் போடும் தீன் தண்ணீரைக் கெடுக்குமே தவிர ஒரு வாய்க்கும் போகாது. நான் முப்பது வருடம் நுணுக்குக்காட்டிக்குள்ளே பார்த்த உண்மை அது. மன்னிப்பும் அப்படித்தான் என்று உனக்கு எழுதி, அவனை விட்டுவிடு என்று முடிப்பதாக இருந்தேன்.

மூன்றாவது காரணத்தை எழுதிய பிறகு பேனையை மூடி வைத்தேன். இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. ஏனென்றால், அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வாளி இருக்கிறது. அதைப் பற்றி அம்மாவுக்கும் சொல்லவில்லை.

அறிக்கை போனது வெள்ளிக்கிழமை. செத்த இரண்டு தொட்டிகளையும் வடித்துவிடச் சொல்லியிருந்தேன். அவனை நிறுத்தும் கடிதம் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை காலை யூட் என்னைப் பம்ப் அறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். நிழலில் ஒரு வாளி, மேலே நனைத்த சாக்கு. சாக்கைத் தூக்கினான்.

“வடிக்கேக்க அடியில கொஞ்சம் துடிச்சுது சேர். கோப்பையால அள்ளி வைச்சு மூண்டாந் தொட்டித் தீனில கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தனான். கனக்கச் செத்திட்டுது. இவ்வளவும் திண்டுதுகள். பாருங்கோ வயிறை.”

பார்த்தேன். வெள்ளை.

“செத்துதெண்டு எழுதிப்போட்டியள். இதுகள் அதை வாசிக்கேல்லப்போல” என்று சிரித்தான்.

நான் குந்தியிருந்து எண்ணினேன். பதினேழு. திரும்ப எண்ணினேன், பதினேழு. மூன்றாம் முறையும் பதினேழு. என் வேலைக்காலத்தில் மூன்று முறை எண்ணி மூன்று முறையும் ஒரே எண் வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

“ஊத்திப்போடு யூட்.”

“உயிரோட சேர்!”

“பூச்சியம் எண்டு அறிக்கை போட்டுது. இப்ப பதினேழு எண்டால் மற்றதையும் கேப்பாங்கள்.”

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். சிரிப்பு மெல்லப் போனது. “அப்ப அந்த அறிக்கைக்குத் தீனைப் போடுங்கோ” என்று சொல்லிவிட்டு வலைக்கூடத்துப் பக்கம் நடந்தான். அப்போது அவனுக்கு இரண்டு காலும் நல்ல கால். வாளியை நானே தூக்கினேன். தண்ணீர் போகும் வாய்க்காலில் ஊற்றினேன். மெதுவாகத்தான் ஊற்றினேன், ஏன் என்று தெரியாது. அடியில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்காக இன்னொரு முறை தண்ணீர் அள்ளி வாளியைக் கழுவினேன்.

அந்த நேரம் கடந்தால் ஒன்றும் தின்னாது என்று அதற்குப் பிறகும் வகுப்பெடுத்தேன். உனக்கும் சொல்லித்தந்தேன். பெரும்பாலானவை தின்னாது என்பதுதான் உண்மை. பெரும்பாலானவை. மிச்சத்துக்கு ஒருவன் கோப்பையோடு குனியவேண்டும்.

யூட்டின் கால் திரும்பி வராது. அவனுக்கு ஒரு நியாயமும் இந்தக் கடிதத்தால் கிடைக்கப்போவதில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அவன் கேள்வி கேட்டிருக்கிறான், உன் வழியாக, எத்தனையோ வருடம் கழித்து. வாயை மூடிக்கொண்டு கிடந்தது நான்தான். இதை அரிப்புக்குக் கொண்டுபோ. அவனுக்கு முன்னால், உன்னோடு வேலை செய்யப்போகிறவர்களையும் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சத்தமாக வாசி. அவனுடைய மொழியில் எழுதியிருக்கிறேன். இந்த முறை வாசித்துச் சொல்ல அவனுக்கு என்னைத் தேவையில்லை, விரும்பினால் தானே வாசிக்கட்டும். வாசித்த பிறகு, அப்பா ஓம் எண்டவர் என்று சொல். கேட்ட பிறகு அவன் வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதே. அவன் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் குறுக்கே பேசாதே. ஈரம் வழுக்கும் என்றால் தரைக்குச் சாக்குப் போடு, வாளியை நீ தூக்கு. தண்ணீரைப் பார்க்க அவனுடைய கண் போதும்.

ஐந்தாவதாக எழுதியது பிழை, மகன். பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கலாம். ஆய்வுக் கொப்பியில் பிழையை அழிக்கக் கூடாது, வாசிக்கக்கூடியதாக ஒற்றைக் கோடு இழுத்துப் பக்கத்தில் ஒப்பம் வைக்கவேண்டும் என்று உனக்குப் படிப்பித்தவன் நான். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பார். கோடு கொஞ்சம் கோணலாகப் போயிருக்கிறது. ஒப்பம் என்னுடையதுதான்.

அப்பா